விளக்கறைக் கதவுக்குப் பின்னால்

அன்று காலை ஜீப்பில் போனவர்கள் ஐந்து பேர். ஓட்டுநர் அவர் இடத்தில். அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக ரயில்வேயின் இளம் பொறியாளர். மடியில் ஒரு கோப்பு, கோப்பின் மேல் அளவு நாடா. பின் இருக்கையில் இடது ஓரம் இடிப்பு ஒப்பந்தக்காரர். ஆள் தாட்டியானவர் என்பதால் இரண்டு பேர் இடத்தை அவரே எடுத்துக்கொண்டார். நடுவில் தம்பி, முழங்கால்களை ஒட்டிப் பிடித்தபடி. வலது ஓரம் அவனுடைய அக்கா, அந்த வீட்டின் மூத்தவள். ஆறாவதாக ஒருவர் வந்திருக்க வேண்டும். அவர்களுடைய அப்பா. அவருக்கு எண்பத்தொரு வயது. எழுந்து நடமாடி நான்கு மாதம் ஆகிறது. கண்ணும் போய்விட்டது.

போகிற இடம் ஒரு கிராமத்து ஸ்டேஷன். ரயில் நின்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடைக்குப் போட்டதும் பழைய கதை. மிச்சமிருந்தது கட்டடம் மட்டும். அதையும் நாளை காலை முதல் இடிக்கப்போகிறார்கள்.

"ஏம்மா," என்றார் ஒப்பந்தக்காரர், தம்பியின் தலைக்கு மேலாக. "பூட்டிக் கிடக்கிற இடத்துல அப்படி என்ன தேடப் போறீங்க? புதையல்னா இப்பவே சொல்லிடுங்க. சுவருக்குள்ள இருக்கிறதெல்லாம் எனக்குன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு."

"சுவருக்கு மேல இருக்கிறது?" என்று கேட்டான் தம்பி.

"அது சுண்ணாம்பு. அதை நீங்களே வச்சுக்குங்க."

ஓட்டுநர் சிரித்தார். மூத்தவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அந்தச் சுண்ணாம்புதான்.

அப்பா அந்த ஸ்டேஷனைச் சேர்ந்த கேட்டில் கேட் கீப்பராக இருந்தவர். ஸ்டேஷனுக்கு அரை மைல் தள்ளி ரயில் பாதையை ஊர்ச்சாலை வெட்டிப் போகும் இடம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல், மூன்றே முக்கால் மணிக்கு, கேட் திறந்திருந்தது. வேலை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர் ஒன்று பாதையில் ஏறியது. அட்டவணையில் இல்லாத ஒரு தனி ரயில் அதே நேரம் வந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள்.

மூன்று மாதத்தில் அப்பாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அன்றிலிருந்து அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "அன்னிக்கு போன் அடிக்கல."

அதைத்தான் மூத்தவள் திருப்பித் திருப்பி எழுதினாள். முதல் மனு எழுதும்போது அவளுக்கு இருபது வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அப்பா அவளிடம் கொடுத்தார். அது அவள் வேலையாகவே ஆகிவிட்டது. அப்பா சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து, தேதிவாரியாக அடுக்கி வைப்பாள். ஐம்பத்தெட்டு மனுக்கள். இதற்கு நடுவில் அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், அம்மா செத்துப்போனாள், தம்பி குழாய் சாமான் கடையில் விற்பனைக்கு நின்று கல்யாணம் கட்டிக்கொண்டான். அவளையும் ஒரு வீட்டில் பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்காரர் மகள் என்று தெரிந்ததும், கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கொஞ்சம் இன்னும் முடியவில்லை.

ஐம்பத்தேழு மனுக்களுக்கு வந்த பதில், தங்கள் கடிதம் கிடைத்தது என்பதுதான். ஐம்பத்தெட்டாவதற்கு நாலு வரி கூடுதலாக வந்தது. கட்டடம் அகற்றப்பட இருக்கிறது; மனுதாரர் தமது கூற்றுக்கு ஆதாரம் ஏதும் அங்கிருந்தால் குறிப்பிட்ட நாளில் நேரில் சுட்டிக்காட்டலாம்; பதினைந்து நாளுக்குள் ஆதாரம் தராவிட்டால் கோப்பு முடிக்கப்படும்.

அவள் வாசித்து முடித்ததும் அப்பா கடிதத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. இருந்தாலும் எழுந்து போய்ச் சாத்தினாள்.

"விளக்கு வைக்கிற ரூம் ஒண்ணு உண்டு, ஸ்டேஷன்ல. கதவைத் திறந்தா உள் பக்கம் சுவத்துல போய்ச் சாயும். அந்தச் சுவத்துல, கதவுக்குப் பின்னால, ஆறு நம்பர் இருக்கும். கரியில எழுதினது. என் கையெழுத்து."

"என்ன நம்பர்ப்பா?"

அப்பா சொன்னார். அவள் அதுவரை கேட்டிராத விஷயம்.

ரயில் வருவதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்கு போன் செய்ய வேண்டும். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடம் உள்ள சீட்டிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒரு ரயிலுக்கு ஓர் எண். எண் வந்துவிட்டது என்றால் கேட் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். அதைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டுதான் மாஸ்டர் வண்டியை விடலாம். சட்டம் அது. ஆனால் போன் கம்பி பாதி நாள் வேலை செய்யாது. எண்ணை வாங்காமல் வண்டியை நிறுத்தி வைத்தால் மேலிடத்திலிருந்து மாஸ்டருக்கு வசவு. அதனால் இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு வழி செய்துகொண்டார்கள். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அப்பா ஸ்டேஷனுக்குப் போவார். அன்றைய ஆறு ரயிலுக்கும் ஆறு எண்ணை மொத்தமாகக் கொடுத்துவிடுவார். கொடுத்த எண்களுக்குத் தன் பக்கமும் ஒரு கணக்கு இருக்கட்டும் என்று விளக்கறைச் சுவரில் கரியால் எழுதி வைப்பார். மறுநாள் காலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதே இடத்தில் புதிய ஆறு. கதவு திறந்திருக்கும் வரை யார் கண்ணிலும் படாது. பிறகு கேட்டுக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்து, அந்தந்த நேரத்துக்கு மூடித் திறப்பார். எட்டு வருஷம் இப்படி நடந்தது.

மூத்தவளுடைய பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் யாராவது முடிவை எழுதி வைத்தால், அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இதை ஏம்ப்பா விசாரணையில சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து போயிருப்போம். அந்த ஆளும் வாயைத் திறக்க மாட்டான்னு நினைச்சேன். ஆனா அவன் என்ன பண்ணான்? அந்தத் தனி வண்டிக்கும் நான் நம்பர் கொடுத்தேன்னு சொல்லிட்டான். புத்தகத்துல நாப்பத்தேழுன்னு எழுதியும் வச்சிருக்கான். நம்பர் கொடுத்துட்டு என் சீட்டை அவன் மேசையிலேயே விட்டுட்டுத்தானே போவேன், அடுத்த நம்பரைப் பார்த்து எழுதிக்கிட்டான். நான் கொடுத்தது ஆறு. ஆறுதான், அம்மாடி. அன்னிக்கு என்னை அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் யார் வந்து துடைச்சிருப்பா? அஞ்சு மாசத்துல ஸ்டேஷனையே மூடிட்டாங்க. நீ போய் எண்ணிப் பாரு. ஆறு இருக்கும், ஏழு இருக்காது. அதை போட்டோ எடு."

அன்று இரவு அப்பா நன்றாகச் சாப்பிட்டார்.

ஜீப் ஓர் இடத்தில் தூக்கிப் போட்டது. "கேட்டு," என்றார் ஓட்டுநர். சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புத் தூண், துருவேறி ஒன்று சாய்ந்து நின்றது. கேட் அறை இருந்த இடத்தில் முள்புதர். தம்பி எட்டிப் பார்த்தான். மூத்தவள் மறுபக்கம் பார்த்தாள். அந்தத் தூணில்தான் அவளுடைய சைக்கிள் சாய்ந்து நின்றிருந்தது. காலையில் வகுப்புக்குப் போகும்போது பின் சக்கரத்தில் காற்று இறங்கி, அப்பாவிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போனாள். ரயில் வந்தபோது அப்பா பேசின் தண்ணீரில் டியூபை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மனு எதிலும் அது இல்லை. அப்பா சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. பேசினும் டியூபும் கிடந்ததை மற்றவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

ஸ்டேஷன் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. கூரை ஓடுகளில் பாதியைக் காணோம். பெயர்ப்பலகையின் இரண்டு கல் தூண்கள் நின்றன, நடுவில் பலகை இல்லை. பிளாட்பாரத்தில் வெடிப்பு விட்ட இடமெல்லாம் புல். டிக்கெட் கொடுக்கும் துவாரத்துக்குள் ஏதோ குருவி கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. தண்டவாளம் கிடந்த மேட்டில் மாடுகள் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தன, அவற்றுக்குத்தான் அந்தப் பாதை போட்டது போல.

ஒரு முதியவர் விளக்கறையிலிருந்து வைக்கோலை அள்ளி வெளியே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரர் அவரைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"என்ன பெரியவரே, நேத்தே காலி பண்றேன்னீங்க?"

"நேத்து மாடு கிடைக்கல."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு மாடு கிடைச்சுது, நீங்க வந்து நிக்கிறீங்க. வழியை விட்டா ஏத்திருவேன்."

பொறியாளர் நாடாவைப் பிரித்தார். "மேடம், நீங்க பார்க்கணும்னதைப் பாருங்க. நான் வெளிச்சுவரை அளந்துட்டு வர்றேன். அரை மணி போதுமா?"

"போதும் சார்."

வைக்கோல்காரர் பாதி அறையைக் காலி செய்திருந்தார். உள்ளே தூசியும் பழைய எண்ணெய் வாடையும். இரும்புச் சட்டம் போட்ட கனமான கதவு உள்பக்கம் திறந்து சுவரோடு சாய்ந்திருந்தது. மூத்தவள் கைப்பையைத் தம்பியிடம் கொடுத்தாள். கீல் துருப்பிடித்துக் கிடக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வைக்கோல்காரர் தினமும் சாத்தித் திறக்கிற கதவு, சுலபமாக வந்தது. அவள் ஓரடி தடுமாறினாள்.

இருந்தது. பக்கத்துச் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்திருக்க, கதவு காப்பாற்றிய அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கண் உயரத்தில் ஒரே வரியில் கரியால்: 31, 82, 15, 64, 29, 53. அப்பாவின் எழுத்துத்தான். இரண்டின் வால் நீண்டு போவதும், ஐந்தின் தொப்பி தனியே நிற்பதும், அவள் பள்ளி நோட்டில் அவர் போட்டுக் கொடுத்த கணக்குகளில் பார்த்தவை.

"ஆறு," என்றான் தம்பி. "அக்கா, ஆறுதான்."

அவள் வரியின் கடைசிக்குக் கீழே, வலது பக்கம் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இன்னொரு எண். 47. ஏழின் நடுவில் சின்னக் குறுக்குக் கோடு, ஒன்றோடு குழம்பிவிடக் கூடாது என்று அப்பா போடுவது. அதன் பக்கத்தில் சின்னதாக 3.45. எண்ணைச் சுற்றி ஒரு வளையம். ஒருமுறை போட்டு, போதாதென்று அதன் மேலேயே இன்னொரு முறை போட்ட வளையம். மறந்துவிடக் கூடாது என்கிற விஷயத்துக்கு மனிதர்கள் போடுவார்களே, அந்த வளையம்.

தம்பியும் பார்த்துவிட்டான்.

"இது அவர் எழுதினதா? மாஸ்டர் எழுதியிருக்கலாம்ல?"

"ஏழைப் பாரு."

அவன் பார்த்தான். அவனுடைய பள்ளி நோட்டிலும் அதே ஏழுதான். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

அவள் மனத்துக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவளுக்கு அப்படித்தான் வரும். அன்று காலையே மாஸ்டர் தனி வண்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அப்பா அதற்கும் சேர்த்து எண் கொடுத்திருக்கிறார். நேரத்தையும் எழுதி வளையமும் போட்டிருக்கிறார். அதனால்தான் போன் அடிக்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் போன் அடிக்கவே அடிக்காதே. போன் அடிக்கவில்லை என்று அப்பா சொன்னது நிஜம். எண் வந்தது என்று மாஸ்டர் சொன்னதும் நிஜம். எல்லாம் சரியாக நடந்த நாள் அது. கேட்டை மூடுவது ஒன்றுதான் விட்டுப்போனது.

மாஸ்டர் மூன்று கடிதம் போட்டிருந்தார், முதல் இரண்டு வருஷத்தில். 'அந்த ஆள் எழுத்து என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது' என்று அப்பா மூன்றையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்ப விலாசம் எழுதியவளும் அவள்தான். மாஸ்டர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"நான் ஏதோ மூட்டைக் கணக்குன்னு நினைச்சேன்," என்றார் வைக்கோல்காரர் பின்னாலிருந்து. கையில் ஒரு கட்டு வைக்கோல். "கதவைச் சாத்தும்போதெல்லாம் பார்ப்பேன். என்னம்மா அது?"

தம்பி அவசரமாக, "ஒண்ணுமில்ல பெரியவரே, பழைய ரயில்வே கணக்கு," என்றான்.

"நீங்க இந்த ஊர்தானா?" என்று கேட்டாள் அவள்.

"இந்த ஊர்தான். எங்க அண்ணன் கூட இந்த கேட்டுலதான் போனாரு. டிராக்டர் ஓட்டிக்கிட்டு வந்தவரு அவருதான்."

தம்பி அவள் முழங்கையைத் தொட்டான். பேசாதே என்று அர்த்தம். அவள் பேசினாள். தான் யார் மகள் என்பதில் தொடங்கி, ஒரு ரயிலுக்கு ஓர் எண் என்பது வரை, பரிசோதனை முடிவை நோயாளிக்கு விளக்குவது போலச் சொன்னாள். வைக்கோல்காரர் கட்டைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அப்போ எங்க அண்ணன் எத்தனையாவது நம்பர்?"

"ஏழாவது."

அவர் கிட்டே வந்து பார்த்தார். படிக்கத் தெரிந்தவர்தான், உதடு அசைந்தது.

"வளையம் எல்லாம் போட்டிருக்காரு," என்றார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. "முப்பது வருஷமா இதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் வைக்கோல் அடுக்கியிருக்கேன்." கொஞ்சம் நின்றுவிட்டு, "உங்கப்பா இருக்காரா?" என்றார்.

"இருக்கார். படுக்கையில."

"ம்."

அவ்வளவுதான். கட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் மூத்தவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வண்டியில் வைக்கோல் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அடுத்த கட்டுக்கு வந்தார், அவர்கள் இருவரும் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் போன் எடுத்துப் படம் பிடித்தாள். படம் கலங்காமல் இருக்க முழங்கையைக் கதவில் ஊன்றிக்கொண்டாள்.

பொறியாளர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "கிடைச்சுதா மேடம்? ஓ, நம்பரா?" உள்ளே கால் வைக்க இடமில்லை, வைக்கோல் தூசி அவருக்குத் தும்மலைக் கிளப்பியது. அங்கேயே நின்று, கோப்பைத் தூணில் வைத்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "விளக்கறைச் சுவரில் சில எண்கள் காணப்பட்டன. மனுதாரர் தரப்பில் புகைப்படம் எடுக்கப்பட்டது." நிமிர்ந்து, "சரிதானே?" என்றார்.

"சில எண்கள்," என்றாள் அவள்.

"எத்தனைன்னு போடணுமா? அதான் நீங்க போட்டோ அனுப்பப் போறீங்களே. அதுல இருக்கும்."

ஒப்பந்தக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். "கல்லு நல்லாத்தான் இருக்கு. ஏம்மா, கிடைச்சுதா புதையல்?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த சுவரைத் தட்டப் போனார்.

ஊர் திரும்பியதும் தம்பி அவளை நேரே வீட்டுக்குப் போகவிடவில்லை. படம் அச்சுப்போடும் கடைக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பேசினான். மெதுவாகத்தான் பேசினான், வீட்டில் குழந்தை தூங்கும்போது பேசுவது போல.

"அக்கா, அது கீழ, ஓரமாத்தானே இருக்கு. ஓரத்தை வெட்டிட்டா ஆறுதான். அழிக்கக் கூட வேண்டாம்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"அவர் இன்னும் எத்தனை நாள் இருப்பார்? ஒரு காகிதம், தவறு இல்லைன்னு ஒரே ஒரு காகிதம். அதைப் படிச்சுக் காட்டிட்டு நிம்மதியா அனுப்பி வைப்போம். மாஸ்டர் போயிட்டார். சுவர் நாளைக்கு இருக்காது. யாருக்கு என்ன நஷ்டம்?"

"வைக்கோல்காரருக்குத் தெரியும்."

"அவர் எங்க போய்ச் சொல்லப் போறார்?"

"எங்கயும் போக மாட்டார். அதான்."

"அதான்னா? என்னக்கா அதான்? நீ முப்பது வருஷம் எழுதினியே. ஐம்பத்தெட்டு. எனக்கு ரயில்வேல வேலை கேட்கப் போனப்ப அப்பா பேரைச் சொன்னதும் அப்படியே ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தான். உனக்கு..." அங்கே நிறுத்திக்கொண்டான். "இப்ப வந்து நியாயம் பார்க்கிற."

கடைக்குள் போய் அவனே இரண்டு விதமாகவும் அச்சுப்போட்டு வாங்கினான். ஒன்றில் ஆறு, ஒன்றில் ஏழு. இரண்டையும் ஒரே உறையில் போட்டு அவள் கையில் திணித்தான். "நீ எதை வேணா வை. என்கிட்ட சொல்லாத," என்று பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான்.

அப்பா காலடிச் சத்தத்திலேயே கண்டுகொண்டார். "வந்துட்டியா? கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"ஆறு இருந்துச்சா?"

அவள் தண்ணீர் குடித்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் கை விரிப்பின் மேல் அவளைத் தேடி வந்தது, அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஆறும் இருந்துச்சுப்பா."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அது பொய் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அவர் சொன்னது எப்படிப் பொய் இல்லையோ, அப்படியே இதுவும் பொய் இல்லை.

அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. "எனக்குத் தெரியும்," என்றார். "எனக்குத் தெரியும். பேனா எடு."

ஐம்பத்தெட்டு மனு சொல்லிப் பழகிய வாய். தடங்கல் இல்லாமல் வந்தது. மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். என் மகள் நேரில் சென்று பார்வையிட்டதில் மேற்படி சுவரில் ஆறு எண்கள் மட்டுமே உள்ளன. ஏழாவது எண் என்னால் அளிக்கப்படவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. எனவே என் மீதான பழியை நீக்கி உத்தரவிட வேண்டுகிறேன். அவர் சொன்னபடியே அவள் எழுதினாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். 'மட்டுமே' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

வாசித்துக் காட்டினாள். அட்டையை அவர் மடியில் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்து, விரலைப் பிடித்து இடம் காட்டினாள். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அதில் பாதி, கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

பிறகு அவள் தாளை மேசைக்கு எடுத்துப்போய், அந்தக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே எழுதத் தொடங்கினாள்.

'மேலே உள்ளது என் தந்தை சொல்ல நான் எழுதியது. கீழே உள்ளது நான் கண்டது. சுவரில் இருந்த எண்கள் ஏழு. ஏழாவது எண் 47, பக்கத்தில் 3.45 என நேரம் குறிக்கப்பட்டு, எண் வளையமிடப்பட்டுள்ளது. அதுவும் என் தந்தையின் கையெழுத்தே. அன்று தொலைபேசி அடிக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மை. எண் கொடுக்கப்பட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதும் உண்மை. அன்றன்றைய எண்களை இருவரும் காலையிலேயே பரிமாறிக்கொள்வது எட்டு ஆண்டு வழக்கம்.'

பேனா உரசும் சத்தம் அப்பாவுக்குக் கேட்டது.

"இன்னும் என்ன எழுதிட்டிருக்க? நான்தான் முடிச்சுட்டேனே."

"விலாசம்ப்பா."

"பெருசா எழுது. போன தடவை மாதிரி வேற ஆபீசுக்குப் போயிடப் போகுது."

"சரிப்பா."

அவள் இன்னும் ஒரு வரி எழுதினாள்: 'என் தந்தைக்கு இந்த ஏழாவது எண் நினைவில் இல்லை என்று நம்புகிறேன்.' எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடித்தல் திருத்தல் உள்ள மனுவை அலுவலகத்தில் மதிக்க மாட்டார்கள் என்று முதல் மனு எழுதும்போது அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். அப்படியே விட்டுவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

ஐம்பத்தொன்பதாவதற்கு நகல் எடுக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் தபால் ஆபீஸ். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர். ஓரத்து மேசையில், கழுத்து உடைந்த பசைப் புட்டி. கைப்பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்தாள். ஆறு எண் உள்ளதை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். ஏழு எண் உள்ளதைக் கடிதத்தின் மடிப்புக்குள் வைத்தாள். இந்நேரம் அந்தச் சுவர் விழுந்திருக்கும். கல் நல்ல கல் என்று ஒப்பந்தக்காரர் சொன்னாரே.

ஆபீஸில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். யாரோ ஒருவர் பிரிப்பார். கோட்டுக்கு மேலே பாதி படிப்பார், கீழே பாதி படிப்பார். கோப்பு முடிக்கப்பட்டது என்று முத்திரை குத்திக் கட்டி வைப்பார். பதில் வந்ததா, பதில் வந்ததா என்று வீட்டில் தினமும் ஒரு குரல் கேட்கும். இன்னும் இல்லைப்பா என்று அவள் சொல்வாள். அந்தக் குரல் நிற்கும் வரை சொல்வாள்.

உறையின் மடிப்பில் பசை தடவி, ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

"பதிவா?" என்றார் கவுன்ட்டர்காரர், நிமிராமல்.

"பதிவு."

விலாசத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பல வருஷமாக அவளைத் தெரிந்தவர். "மறுபடியும் அவங்களுக்கா? விட மாட்டீங்க போல."

"இதோட முடிஞ்சுது."

"நல்லபடியா முடிஞ்சா சரி," என்று சீட்டை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் எறிந்தார்.

"அடுத்தவங்க வாங்க."